இஸ்திரி போட்ட நட்சத்திர நோட்டு

என் மகள் பீரோ நிறையப் பணம் அடுக்கி வைத்திருக்கிறாள் என்று சொன்னால் சிக்கனக்காரி என்று நினைப்பீர்கள். சிக்கனமாவது ஒன்றாவது! அத்தனையும் நட்சத்திர நோட்டு. செலவு செய்யவும் மாட்டாள், வங்கியில் போடவும் மாட்டாள். ஆல்பத்தில் செருகி வைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நட்சத்திர நோட்டு என்றால் என்னவென்று எனக்கும் முதலில் தெரியாது. நோட்டு அச்சடிக்கிற இடத்தில் ஒன்று கோணலாக விழுந்துவிட்டாலோ மை அப்பிக்கொண்டாலோ அதைக் கழித்துவிடுவார்களாம். நோட்டுக் கட்டில் எண்ணிக்கை குறையக் கூடாது அல்லவா, அந்த இடத்தில் வைக்கவென்று வேறு நோட்டு அடித்திருப்பார்களாம். இது பதிலுக்கு வந்தது என்று தெரிவதற்காக எண்ணோடு சேர்த்துப் பொடியாக ஒரு நட்சத்திரம். கடையில் நீட்டினால் மற்ற நோட்டுக்கு என்ன கிடைக்குமோ அதுதான் இதற்கும் கிடைக்கும். ஆனால் இதற்கென்று அலைகிற பைத்தியங்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். அதில் ஒன்று என் வயிற்றில் பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் அவளுக்குக் கல்லாவில் வேலை. நட்சத்திரம் கண்ணில் பட்டால் போதும், தன் கைக்காசைக் கல்லாவில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

அப்படி வந்ததில் ஒன்று ஐம்பது நோட்டு. அதன் எண்ணில் வரிசையாக ஐந்து சுழி, கடைசியில் ஒரு ஒன்பது. அதாவது அந்த வரிசையில் ஒன்பதாவதாக அடித்த நோட்டு. ஒரு மடிப்பு இல்லை, ஒரு விரல் கறை இல்லை. நோட்டு வாங்கி விற்கிற ஒருத்தர் இருக்கிறார். கழுத்தில் எப்போதும் ஒரு லென்ஸைத் தொங்கவிட்டிருப்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். மகள் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அவர் முப்பதாயிரம் தருகிறேன் என்றார்.

"அம்பது நோட்டுக்கு முப்பதாயிரமா? அந்த மனுஷனுக்கு வீட்ல கேக்க ஆளில்லையா?" என்றேன்.

"அம்மா, நீ சும்மா இரு," என்றாள் மகள். "அந்தப் பணம் வந்தா புது வீட்டுக்கு முன்பணம் கொடுத்துடலாம்."

இங்கேதான் என் வயிற்றெரிச்சலைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு என்பது முன்னால் என் இஸ்திரிக் கடை, பின்னால் ஓர் அறை, அதற்கும் பின்னால் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே வரவேண்டிய சமையலறை. மகளுக்குக் கல்யாணம் ஆனபிறகு அறையை அவர்களுக்கு விட்டுவிட்டுக் கடையில் மேஜைக்குக் கீழே நான் படுத்துக்கொண்டேன். அவர்கள் பார்த்திருக்கிற வீடோ ஊரின் அந்தக் கோடியில், இரண்டு பஸ் மாற வேண்டும். அவர்கள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. துளிகூடப் பிடிக்கவில்லை. வாய்விட்டுச் சொன்னேனா? நானா சொல்வேன்! "போங்க, போங்க. நானும் கொஞ்சம் காலை நீட்டிப் படுப்பேன்," என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு அன்று முழுக்க எல்லார் சட்டைக்கும் தேவைக்கு மேல் கஞ்சி போட்டேன்.

விற்கிற நாள் வந்தது. வேலைக்குக் கிளம்பும்போது மகள் அந்த நோட்டை ஆல்பத்திலிருந்து எடுத்து, கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கடை அலமாரியில் இருந்த தடிப்புத்தகத்துக்குள் வைத்தாள். பீரோச் சாவி அவளோடு போய்விடும், பூதக்கண்ணாடி முன்கூட்டியே வந்துவிட்டால் நான் எடுத்துக் காட்ட வேண்டுமே, அதற்கு.

"தொடாதேம்மா. அது பக்கத்துல மூச்சுகூட விடாதே. அவர் கேட்டா மட்டும் புத்தகத்தோட எடுத்துக் குடு," என்றாள். அவள் கண் பளபளவென்று இருந்தது, சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். "சரிடி, போடி, பஸ் போயிடும்," என்று விரட்டினேன்.

மாப்பிள்ளை அப்போது குளித்துக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், அன்று அவருக்கு விடுமுறை. தங்கமான மனிதர், குறை சொல்ல முடியாது. ஆனால் என் முன்னால் வந்தால் வாயே திறக்காது. நான் "சாப்பிட்டீங்களா" என்றால் தலையாட்டுவார். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா" என்றாலும் அதே தலையாட்டல்தான், வேண்டும் என்கிறாரா வேண்டாம் என்கிறாரா என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, தேய்த்த துணிகளை நாலு வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். வந்ததும் அதிசயமாக அவரே பேசினார்.

"அத்தை, சலூன்காரர் வந்து துணி வாங்கிட்டுப் போனாரு. நூறு குடுத்தாரு. மீதி அம்பது தர சில்லறை இல்ல. நல்லவேளை, தேடினப்போ அந்தப் புத்தகத்துல ஒரு அம்பது இருந்துச்சு, நீங்க ஒதுக்கி வெச்சதுன்னு எடுத்துக் குடுத்துட்டேன்."

"எந்தப் புத்தகத்துல?"

"அதான், அந்தத் தடிப்புத்தகம். கவலைப்படாதீங்க, அப்புறம் மூலைக் கடையில நூறை மாத்தி, ஒரு அம்பதைத் திரும்ப அதே கவர்ல வெச்சுட்டேன். கணக்கு சரியாயிடுச்சு."

ஓடிப்போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். உறைக்குள் ஒரு ஐம்பது நோட்டு பத்திரமாகத்தான் இருந்தது. எண்ணெய்க் கறையோடு, ஓரம் கிழிந்து, பஜ்ஜி சுற்றிய காகிதம் போல. நட்சத்திரமும் இல்லை, சுழியும் இல்லை. அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். பார்த்தார். உறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த நோட்டு பீரோவில் பூட்டியிருக்கிறது என்றுதான் பாவம் நினைத்திருந்தார். அப்படியே மேஜைமேல் உட்கார்ந்துவிட்டார், இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்த பக்கம்.

"ஐயோ அம்மா!" என்று துள்ளி எழுந்தார். சூட்டுக்குச் சொன்னாரா நோட்டுக்குச் சொன்னாரா, தெரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்குள் ஒருத்தி, 'நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா உக்காரு' என்றாள். நோட்டு போனால் முன்பணம் இல்லை. முன்பணம் இல்லாவிட்டால் யாரும் எங்கேயும் போகப்போவதில்லை. பழியும் என் தலையில் விழாது. ஆனால் காலையில் பார்த்த மகளின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. "வண்டியை எடுங்க!" என்று கத்தினேன்.

மாப்பிள்ளைக்குப் பின்னால் ஸ்கூட்டரில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தோளைப் பிடிப்பது மரியாதையா என்று தெரியாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். முதல் வளைவில் மரியாதை போயிற்று, அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தொங்கினேன். "அத்தை, கழுத்து... கழுத்து..." என்றார். "கழுத்தெல்லாம் அப்புறம், நீங்க ரோட்டைப் பாருங்க!"

சலூன்காரர் யாரோ ஒருத்தருக்குப் பாதி முகம் சவரம் முடித்திருந்தார். "அந்த அம்பதா? நாலா மடிச்சு ஜேப்புல வெச்சேன். கடைக்கு வந்ததுமே பேப்பர்காரன் பாக்கி கேட்டான், குடுத்துட்டேன்," என்றார்.

"நாலாவா?" என்று மாப்பிள்ளை சுவரில் சாய்ந்தார். ராத்திரி பூராவும் என் மகள் அவர் காதில் ஓதி ஓதி, விலை நிலவரமெல்லாம் அவருக்கு அத்துப்படி. "நடுவுல ஒரு மடிப்பு விழுந்தாலே பாதி விலை அத்தை. நாலா மடிச்சா... போச்சு, பத்தாயிரம்கூட வராது."

"எனக்குச் சவரம் முடியுமா முடியாதா?" என்றார் பாதி முகக்காரர்.

பேப்பர்காரரை நாலு தெரு தள்ளிப் பிடித்தோம். சைக்கிளை நிறுத்தி, பணத்தைப் பீடி போலச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்ததை விரித்துக் காட்டினார். அதில் ஐம்பதே இல்லை. "மீன் வாங்கினேன், சந்தை மீன்காரம்மாகிட்ட போயிடுச்சு. ஏன், கள்ள நோட்டா?"

"சுருட்டியிருக்காரு அத்தை, சுருட்டியிருக்காரு!" என்று மாப்பிள்ளை வழியெல்லாம் புலம்பிக்கொண்டே ஓட்டினார். வாயே திறக்காத மனிதரா இவர் என்று எனக்கு ஆச்சரியம். புலம்பலுக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வேறு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வயதில், தலைமுடி பறக்க, ஒரு ஐம்பது நோட்டைத் துரத்திக்கொண்டு போகிறேனே! அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் நான் சிரிப்பதைக் கேட்டு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழவேண்டிய இரண்டு பேர் சந்தைவரை சிரித்துக்கொண்டே போனோம்.

மீன்காரம்மா பலகைக்குக் கீழே ஒரு தகர டப்பாவில் பணம் வைத்திருந்தாள். பலகையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதற்குள்தான் விழுந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, பேப்பர்காரர் குடுத்த அம்பதைக் குடுங்க, ஐந்நூறு தர்றேன்!" என்று கத்திவிட்டார்.

காரியம் கெட்டது. அவள் டப்பாவை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "அம்பதுக்கு ஐந்நூறா? யாருய்யா நீ? என்னை என்ன ஏமாளின்னு நெனச்சியா? ஆளைக் கூப்பிடுவேன்!"

அவரைக் கையால் பின்னே தள்ளிவிட்டு நான் முன்னால் போனேன். "அவரு கெடக்காரு, வெயில்ல சுத்தினா இப்படித்தான் உளறுவாரு. மீன் என்ன விலை?" என்றேன். பேரம் பேசினேன். நூற்றைம்பதுக்கு முடித்து இருநூறு நீட்டினேன். அவள் டப்பாவைத் திறந்து ஓர் ஐம்பதை எடுத்துக் கொடுத்தாள். நட்சத்திரம் இல்லை.

"இது ஓரம் கிழிஞ்சிருக்கே. வேற குடு."

முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தாள். அதுவும் இல்லை. "இதுல எவனோ போன் நம்பர் எழுதி வெச்சிருக்கான். இதை எந்தக் கடையில வாங்குவான்?"

"காசுல நல்லது பொறுக்குற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்று மூன்றாவதாக ஒன்றை உருவிப் போட்டாள். சொட்டச் சொட்ட நனைந்து, நாலு மடிப்போடு, செதில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. சுழி, சுழி, சுழி, சுழி, சுழி, ஒன்பது. பக்கத்தில் நட்சத்திரம். பாய்ந்து பிடுங்கினால் சந்தேகப்படுவாளே என்று, "என்னம்மா இது, நனைஞ்சிருக்கு," என்று இழுத்தேன். "சரி விடு, காஞ்சா சரியாயிடும்."

வீட்டுக்கு வந்து மேஜைமேல் அதை வைத்தபோது மாப்பிள்ளை கண் கலங்கி நின்றார். "முடிஞ்சுபோச்சு அத்தை. அவகிட்ட எப்படிச் சொல்வேன்?"

"எதுக்குச் சொல்லணும்? கசங்கினதை நேராக்கறதுதானே என் தொழில்?" என்றேன். "நான் யாருன்னு நெனச்சீங்க? கல்யாணப் பட்டுப்புடவையை, குழந்தை வாந்தி எடுத்த நிலைமையில கொண்டுவந்து குடுப்பாங்க. கடையில வாங்கின மாதிரி திருப்பிக் குடுப்பேன்."

வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, விரல் நுனியால் ஒற்றி ஒற்றி அழுக்கும் வாடையும் எடுத்தேன். தண்ணீர் போலக் கஞ்சி கரைத்து ஒரு தடவல். இரண்டு மெல்லிய துணிக்கு நடுவில் வைத்து, பட்டுக்குக் கொடுக்கிற சூட்டில், இழுக்காமல் அழுத்தி அழுத்தி எடுத்தேன். ஒவ்வொரு மடிப்பு மறையும்போதும், 'என் கையாலேயே இவர்களை வழியனுப்பி வைக்கிறேனே' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் கை நிற்கவில்லை. வேலை என்று வந்துவிட்டால் என் கைக்கு என் பேச்சும் கேட்காது.

எடுத்துப் பார்த்தேன். அடடா, அடடா! சுண்டினால் சத்தம் வந்தது. பளபளவென்று தகடு போல நின்றது. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "அத்தை, நீங்க தெய்வம்," என்றார். "அவகிட்ட மட்டும் நான்தான் செலவு பண்ணேன்னு சொல்லிடாதீங்க."

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது, போதுமா?" என்று கை அடித்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் மகள் பூதக்கண்ணாடியைக் கூட்டிக்கொண்டே வந்தாள். நான் டீ போட்டேன். வந்ததும் வராததுமாக, "என்னம்மா, வீடெல்லாம் மீன் வாடை?" என்றாள். "மீன் வாங்கினா மீன் வாடைதான் அடிக்கும்," என்றேன். மாப்பிள்ளை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூதக்கண்ணாடி நோட்டை உறையிலிருந்து ஓரத்தைப் பிடித்து எடுத்தார். விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தார். லென்ஸை வைத்துப் பார்த்தார். விரலால் எழுத்துகளின் மேல் மெதுவாகத் தடவினார். கடைசியில் மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார்.

"இதை யாரோ துவைச்சு இஸ்திரி போட்டிருக்காங்களே," என்றார்.

மகள் சிரித்தாள். "சும்மா சொல்லாதீங்க சார்."

"நீயே தொட்டுப் பாரும்மா. புது நோட்டுல எழுத்து மேலே எழும்பி நிக்கும், விரல்ல தட்டுப்படும். இதுல எல்லாம் படிஞ்சுபோச்சு. காகிதத்துல இல்லாத பளபளப்பு வேற. கஞ்சி வாசனை." அவர் நோட்டைக் கீழே வைத்தார். "மடிப்போட, அழுக்கோட அப்படியே விட்டிருந்தாகூட நம்பருக்காக எட்டாயிரம் குடுத்திருப்பேன். துவைச்ச நோட்டை எங்க ஆளுங்க தொட மாட்டாங்க. வேணும்னா ரெண்டாயிரம் தர்றேன்."

எட்டாயிரமாக இருந்ததை என் கையால் இரண்டாயிரமாகத் தேய்த்திருக்கிறேன்! மகள் நோட்டைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த வீட்டில் இஸ்திரி போடுகிற ஆள் யார் என்று அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

"நாங்க போறது உனக்குப் பிடிக்கலை," என்றாள், மெதுவாக. "அதுக்காக இப்படிப் பண்ணுவியாம்மா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. எனக்கு வாய் இல்லையா என்ன? தெருவே காது பொத்திக்கொள்கிற வாய். ஆனால் மாப்பிள்ளைக்குக் கை அடித்துக் கொடுத்திருந்தேன். அவரைக் காட்டிக் கொடுக்காமல் எதைச் சொல்வது? அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்தது.

"நான்தான்!" என்று ஒரு சத்தம் வந்தது. யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை. "நான்தான் செலவு பண்ணேன். சில்லறைக்குக் குடுத்துட்டேன். அத்தை என் வண்டியில ஏறி, சலூன், பேப்பர்காரர், சந்தைன்னு அலைஞ்சு, மீன்காரம்மாகிட்ட மல்லுக்கட்டி அதைத் திருப்பி வாங்கினாங்க. புதுசாக்கித் தரணும்னு நிமிராம குனிஞ்சு நின்னு தேய்ச்சாங்க. அவங்களை ஒண்ணும் சொல்லாதே. சொல்றதா இருந்தா என்னைச் சொல்லு." அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை.

அவ்வளவுதான், எனக்கு வாய் திறந்துகொண்டது. "கெடுக்கணும்னா எனக்கு எதுக்குடி கஞ்சியும் துணியும்? பெட்டியை அப்படியே மேல வெச்சுட்டுப் போயிருக்க மாட்டேனா? நீங்க போகணுமேன்னுதான்டி தேய்ச்சேன்! அழுதுக்கிட்டே தேய்ச்சேன்! ஆமா, எனக்குப் பிடிக்கலை. நீங்க போறது எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கலை. இந்த வீட்ல நீ இல்லாம நான் யாரைத் திட்டிக்கிட்டு இருப்பேன்? போதுமா?"

மகள் கண்ணீரைத் துடைக்காமல் என்னையே பார்த்தாள். "காலை நீட்டிப் படுக்கணும்னு நீதானேம்மா சொன்ன? தினமும் சொன்ன. உனக்கு நாங்க இடைஞ்சல்னு நெனச்சுத்தானே வீடே பார்த்தேன். அந்த நோட்டை விக்க எனக்கு மனசே இல்ல. எத்தனை நாள் அழுதேன் தெரியுமா?"

பூதக்கண்ணாடி டீயைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். முதலில் சிரித்தது மகள்தான். பிறகு நான். பிறகு மாப்பிள்ளை, சத்தமே வராமல், தோள் குலுங்கக் குலுங்க. முப்பதாயிரத்தைக் கஞ்சி போட்டுத் தேய்த்துவிட்டு மூன்று பேரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பூதக்கண்ணாடிக்கும் தாங்கவில்லை, டீ அவர் சட்டையில் சிந்தியது.

"அப்போ விக்கறீங்களா, இல்லையா?" என்றார் துடைத்துக்கொண்டே.

"இல்ல சார்," என்றாள் மகள்.

"அந்த வீட்டுக்காரனுக்கு இப்பவே போனைப் போடு," என்றேன் நான். நாளைக்கு என்று விட்டால் அவள் மனசு மாறிவிடுமோ என்று எனக்குப் பயம்.

அவள் போட்டாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றேன். மறுமுனையில் அந்த ஆள் ஏன், என்ன ஆச்சு, வாடகை அதிகமா, குறைக்கவா என்று கேட்பது எனக்கே கேட்டது.

"அதெல்லாம் இல்லைங்க," என்றாள் என் மகள், என்னைப் பார்த்துக்கொண்டே. "எங்கம்மா விடமாட்டேங்கறாங்க."